மத்தியதரைக் கடலில் இருவர் - 6: ரகசிய அறையில் ஒரு லட்சுமி

கப்பல் சுற்றுலாவில் ஊர் பார்ப்பது என்பது பாதிக்கு மேல் மணி பார்ப்பதுதான். நேப்பிள்ஸில் காலை 8 மணிக்குக் கரை சேரும், மாலை 6 மணிக்குக் கிளம்பும், ஐந்தரைக்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்று முந்தின இரவே கேபினுக்குத் தாள் வந்துவிட்டது. கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாக ஊர் சுற்றப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. நம் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த பயத்தைத்தான் காசாக்குகிறார்கள் என்பது என் கட்சி. பயப்படுவதில் ஒன்றும் குறைந்துபோகாது என்பது என் மனைவியின் கட்சி.

சென்ற வாரம் ரோம் பார்த்த கதையைச் சொன்னேன். ரோம் என்று பட்டியலில் போட்டிருந்தாலும் கப்பல் நின்றது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோமுக்கு 80 கிலோமீட்டர். மதுரையைக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்து ராஜபாளையத்தில் இறக்கிவிட்டது மாதிரி. போக வரவே பொழுது போய்விட்டது. நேப்பிள்ஸில் அந்தத் தொல்லை இல்லை. கப்பல் ஊரின் மடியிலேயே வந்து நிற்கிறது. படி இறங்கி வெளியே வந்தால் எதிரே பருத்த உருண்டைக் கோபுரங்களோடு பழைய கோட்டை. கோட்டையைத் தாண்டினால் முனிசிப்பியோ என்ற மெட்ரோ நிலையம். அந்த நிலையத்துக்குப் பள்ளம் தோண்டியபோது இன்னொரு துறைமுகம் அகப்பட்டது. ரோமானியர் காலத்துப் படகுத்துறை. கூடவே மண்ணுக்குள் புதைந்த பழைய மரக்கப்பல்கள். அதனால் வேலை பல வருஷம் இழுத்து, 2015இல்தான் நிலையம் திறந்தார்கள். மெட்ரோ வேலை தாமதமானதற்கு இதைவிட நல்ல காரணம் நான் கேள்விப்பட்டதில்லை.

நேப்பிள்ஸில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நேப்பிள்ஸைப் பார்ப்பதில்லை. பஸ் ஏறி நேரே பாம்பெய் போய்விடுகிறார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை சாம்பல் கொட்டி மூடிய ஊர். எங்கள் சாப்பாட்டு மேசையில் கூட உட்காரும் குஜராத்திக் குடும்பம், கோயம்புத்தூர் டாக்டர் தம்பதி எல்லாரும் பாம்பெய்க்குத்தான் பணம் கட்டியிருந்தார்கள்.

"ஏங்க, இத்தனை பேரு போறாங்க. நாம மட்டும் என்னத்துக்கு மியூசியம்?"

"பாம்பெய்ல கிடைச்ச நல்ல சாமானையெல்லாம் பேத்துக் கொண்டாந்து இங்கதான்மா வச்சிருக்கான். அங்க மிச்சம் இருக்கறது சுவரும் வெயிலும்."

இது கொஞ்சம் அநியாயமான வாதம். பாம்பெய் 66 ஹெக்டேர் பரப்புள்ள ஊர். அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் ஓடித் தேய்ந்த கல் தெருக்களும், சாப்பாட்டுக் கடைகளும், குளியல் மண்டபங்களும் வேறெங்கும் காணக் கிடைக்காதவை. கூட்டம் தாங்காமல் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று கணக்கு வைத்துவிட்டார்கள். ஆனால் கப்பல் தரும் நேரத்தில் போக்குவரத்தும் வரிசையும் போக மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். அதையும் வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் ஓடியே கழிக்க வேண்டும். ஓட்டத்தில் பத்து பார்ப்பதைவிட நின்று ஒன்று பார்க்கலாம் என்பது இந்தப் பயணத்தில் நான் பிடித்துக்கொண்ட கொள்கை.

கொள்கையைச் சொல்லி இவளை வழிக்குக் கொண்டுவர முடியாது. அன்று புரட்டாசிச் சனிக்கிழமை வேறு. இவள் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். புரட்டாசிச் சனி என்றால் ஊருக்கு வெளியே திருவண்ணாமலை மலைமேல் இருக்கும் சீனிவாசப் பெருமாளைப் பார்க்க ஜனம் திரளும். திருப்பதி பிரம்மோற்சவ கருட சேவைக்கு ஆண்டாள் சூடிக் களைந்த மாலை போவதும் இந்தச் சமயத்தில்தான். இந்த நேரம் பார்த்தா கப்பலில் டிக்கெட் போட்டீர்கள் என்ற குறை இவளுக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. இன்னொரு குறை பால்கோவா. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பால் பண்டமும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவாக இருந்தாலும் அதே சட்டம்தான். வாங்கி வைத்த டப்பாவைக் கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஆகவே தூண்டிலை வேறு மாதிரி போட்டேன். "அந்த மியூசியத்துல நம்ம மகாலட்சுமி சிலை ஒண்ணு இருக்கு. பாம்பெய்ல தோண்டும்போது கிடைச்சது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி நம்ம நாட்டுலேர்ந்து வந்தது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பெருமாளைப் பாக்கத்தான் குடுத்து வைக்கல. தாயாரையாவது பாத்துட்டு வருவோம்" என்றாள். தாயார் எந்த அறையில் இருக்கிறாள் என்பதை நான் சொல்லவில்லை.

மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் மியூசியம். முதலில் வரும் டொலேடோ நிலையம் பூமிக்கு வெகு ஆழத்தில். சுவரெல்லாம் நீலச் சில்லு பதித்து, கடலுக்கடியில் இறங்குகிற பிரமையைத் தருகிறார்கள். உலகத்தின் அழகான ரயில் நிலையங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இருக்கும். நாங்கள் பார்த்தது ஜன்னல் வழியாக அரை நிமிஷம். மியூசியத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: செவ்வாய்க்கிழமை விடுமுறை. கப்பல் செவ்வாயன்று நேப்பிள்ஸில் நின்றால் பேசாமல் பாம்பெய் போய்விடுங்கள்.

கீழ்த்தளத்தில் ஃபார்னீஸ் குடும்பத்தார் சேர்த்து வைத்த சலவைக்கல் சிலைகள். கதாயுதத்தில் சாய்ந்து களைத்து நிற்கும் ஹெர்குலிஸ், ஒரே கல்லில் ஒரு கூட்டத்தையே செதுக்கிய காளைச் சிற்பம். பிரம்மாண்டம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவள் நின்ற இடம் வேறு. பாம்பெயில் ஒரு பணக்காரர் வீட்டுத் தரையில் பதித்திருந்த சில்லு ஓவியம்: மேலே ஒரு பூனை பறவையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டுகிறது, கீழே இது எதுவும் தெரியாமல் வாத்துகள். "திருட்டு முழியைப் பாருங்க" என்று சிரித்தாள். நல்ல மனநிலையில் இருந்தாள். இதுதான் சமயம் என்று அதே தளத்தில் இருந்த இரும்புக் கம்பிக் கதவுப் பக்கம் கூட்டிப்போனேன்.

அந்த அறைக்கு ரகசிய அறை என்றே பெயர். பாம்பெயிலும், அதே எரிமலை மூடிய ஹெர்குலேனியத்திலும் கிடைத்த காமச் சிற்பங்கள், ஓவியங்கள், விளக்குகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பூட்டிய இடம். 1819இல் பட்டத்து இளவரசர் பிரான்செஸ்கோ மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மியூசியம் பார்க்க வந்தாராம். பார்த்த வேகத்தில், இதையெல்லாம் தனியறையில் வை, முதிர்ந்த வயதும் நிரூபணமான ஒழுக்கமும் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டு என்று உத்தரவு போட்டுவிட்டார். அப்புறம் அரசாங்கம் மாறும்போதெல்லாம் அந்தக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்து, 2000இல்தான் எல்லாருக்கும் திறந்தது. முதிர்ந்த வயதுக்கு எங்கள் தலைமுடியே சாட்சி. ஒழுக்கத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் ஆணுறுப்பு வடிவத்தில், சிறகு வைத்து, மணி கட்டித் தொங்கவிட்ட வெண்கலச் சாமான்கள். இவள் சட்டென்று நின்றாள். முந்தானை வாய்க்குப் போயிற்று. "இதென்னங்க இது?" நான் மெதுவாக, இது திருஷ்டிக்குக் கட்டினதும்மா, கடை வாசல்ல தொங்கவிடுவாங்களாம் என்றேன். அது உண்மைதான், ரோமானியர்களுக்கு அது கண்ணேறு கழிக்கும் சின்னம். எதிர்ச் சுவரில் இருந்த ஓவியங்களுக்கு அந்தச் சமாதானம் சொல்ல முடியாது. ஒரு அமெரிக்கக் கிழவி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் இவளுக்கும் தைரியம் வந்திருக்க வேண்டும். முந்தானையை விட்டுவிட்டு, "நம்ம பக்கத்துத் தேர்ல செதுக்கி வைக்காததா" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

தந்தத்தால் ஆன சிலை. உயரம் 25 செ.மீ. வரும், ஒரு அடிகூட இல்லை. படத்தில் பார்த்து மனசில் பெரிதாக வளர்த்து வைத்திருந்தேன். கால்களைப் பின்னி ஒசிந்து நிற்கிறாள். இரண்டு பக்கமும் இடுப்புயரம்கூட இல்லாத குட்டித் தோழிகள், அலங்காரச் சாமான்களை ஏந்திக்கொண்டு. உடம்பில் துணி என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் நகைக்குக் குறைவில்லை. கழுத்து நிறைய ஆரம், காதை இழுக்கும் கனத்த தோடு, இடுப்பில் மணி கோத்த மேகலை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வளையல் அடுக்கு, காலில் கெண்டைக்கால் வரை தண்டை. உச்சந்தலையில் ஒரு துளை நேராக உள்ளே இறங்குகிறது. எதையோ செருக வைத்தது. கண்ணாடியின் கைப்பிடியாக இருக்கலாம், ஒரு சின்ன மேசையின் காலாக இருக்கலாம் என்கிறார்கள். 1938இல் அமெடியோ மையூரி என்ற தொல்லியல் அறிஞர் பாம்பெயின் பெரிய கடைத்தெருவை ஒட்டிய ஒரு வீட்டில் துண்டுகளாகக் கண்டெடுத்து ஒட்டவைத்தார். லட்சுமி என்று பெயர் வைத்தவரும் அவரே.

இவள் குனிந்தும் நிமிர்ந்தும் வெகு நேரம் பார்த்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"இது தாயார் இல்லங்க."

"ஏன்?"

"கையில தாமரை எங்க? தாயார்னா நின்னாலும் உட்காந்தாலும் தாமரை இருக்கணும். இவ யாரோ வசதியான வீட்டுப் பொண்ணு. சிங்காரிச்சுக்கிட்டு எங்கேயோ கிளம்புறா."

ஆண்டாளின் கொண்டை எந்தப் பக்கம் சரியும், கிளி எந்தக் கையில் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து தினமும் பார்த்து வளர்ந்தவள். இலையாலும் பூவாலும் அந்தக் கிளியை அன்றன்றைக்குப் புதிதாகக் கட்டுகிற ஊர் அது. அங்கே பிறந்தவர்களைச் சாமி விஷயத்தில் ஏமாற்ற முடியாது. இன்றைய ஆராய்ச்சியாளர்களில் பலரும் இவள் கட்சிதான். லட்சுமி அல்ல, யட்சியாக இருக்கலாம் என்கிறார்கள். செய்த இடமும் தமிழ்நாடு இல்லை. இதே ஜாடையில் தந்தச் சிலை ஒன்று மகாராஷ்டிரத்தில் போகர்தனில் கிடைத்திருக்கிறது. சிலையின் அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று வேறு கீறியிருக்கிறது. அது வடமேற்கு இந்தியாவில் புழங்கிய எழுத்து. செல்போனில் சுற்றும் "ரோமில் தமிழன் வடித்த லட்சுமி" செய்தியை நம்பி இங்கே வருகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

நான் ஏமாறவில்லை, ஆனால் ஒரு யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது. நம் கரையிலிருந்து இங்கே வந்தது என்ன? மிளகு, முத்து, துணி. செங்கடல் வணிகத்தைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதிய பெயர் தெரியாத கப்பல்காரர் ஒருவர் கொற்கை முத்தையும், உறையூர் என்று கருதப்படும் அர்கருவின் மெல்லிய துணியையும் குறித்து வைத்திருக்கிறார். முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். இதே நேப்பிள்ஸ் வளைகுடாவின் மிசேனோவில் ரோமானியக் கடற்படைக்குத் தலைவராக இருந்த மூத்த பிளினி, வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று தன் பெரிய நூலில் புலம்பினார். மிளகு விலையையும் போட்டிருக்கிறார்: கருமிளகு ராத்தல் 4 டினாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15. காரம் ஒன்றைத் தவிர வேறு குணமில்லாத சரக்குக்கு இத்தனை விலையா என்பது அவர் ஆத்திரம். மிளகு ஏற்றும் மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்று பாண்டியனுக்குச் சொந்தம், அவன் இருப்பதோ உள்நாட்டில் வெகு தூரம் தள்ளி மதுரையில் என்றும் எழுதினார். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்குதான் அது. நூல் முடிந்து இரண்டு வருஷத்தில் வெசூவியஸ் வெடித்தது. ஆட்களைக் காப்பாற்றக் கப்பல் எடுத்துக்கொண்டு போனவர், வளைகுடாவின் எதிர்க்கரையில் ஸ்டேபியேயில் செத்துப்போனார்.

அந்த மிளகை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. தின்று தீர்த்துவிட்டார்கள். எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற இடத்துக் கோயிலில், இந்திய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது என்றால், அது யாரோ எடுத்துச் செலவழிக்க மறந்ததால் கிடைத்தது. துணி அதைவிட மோசம். உடுத்தினார்கள், கிழிந்தது, போட்டார்கள். யானைத் தந்தம் மியூசியத்தில் நிற்கிறது. கப்பல் நிறைய வந்தவை பேரில்லாமல் போயின.

எனக்கு இது தொழில் சம்பந்தமான கவலை. முப்பது வருஷத்துக்கு மேல் ராஜபாளையத்தில் இருந்துகொண்டு சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் தறிகளில் பேண்டேஜ் துணி வாங்கி அனுப்பியவன். பாவும் ஊடையும் விலகி விலகி நெய்த மெல்லிசுத் துணி. காடாவாக வரும், வெளுத்து, வெட்டி, உருளையாகச் சுற்றி, கட்டுக் கட்டாகப் போகும். எந்த நாட்டில் யாருடைய காயத்தில் சுற்றினார்கள் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. மறுநாளே அவிழ்த்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். அதற்காகவே நெய்த துணி.

சொல்லி வைத்தது மாதிரி, மியூசியத்தை விட்டு வெளியே வந்ததும் இவளுக்குக் குதிகாலில் கொப்புளம். பேரன் வாங்கிக்கொடுத்த புதுச் செருப்பு. கரடுமுரடான கருங்கல் பாவிய தெரு, ஏற்ற இறக்கம். பச்சைச் சிலுவை விளக்குப் போட்ட மருந்துக் கடையில் மருந்தும் துணிச் சுருளும் வாங்கி, ஒரு சர்ச் படிக்கட்டில் உட்காரவைத்துக் கட்டுப் போட்டேன். போடுமுன் பழக்க தோஷத்தில் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இழை பார்த்தேன். சுமாரான நெசவு இல்லை, நல்ல சரக்கு. உறையில் விற்கிற கம்பெனி பேர் இருந்தது. எங்கே நெய்தது என்று இல்லை.

"காலு வலிக்குது, நீங்க இழை எண்ணிக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேப்பிள்ஸில் பீட்சா சுடும் கலையை 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சைவக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மரினாரா என்று கேட்கலாம்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவே. பாலாடைக்கட்டி கிடையாது. இத்தாலியக் கட்டிகள் சிலவற்றில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை சேர்ப்பார்கள் என்பதால் புரட்டாசி விரதத்துக்கு இதுதான் பத்திரம். இவள் கைப்பையிலிருந்து இட்லிப் பொடி பொட்டலத்தை எடுத்து மேலே தூவினாள். கடைக்காரப் பையன் ஒரு மாதிரி பார்த்தான்.

நான்கு மணிக்கே கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். அதுவும் இவள் போட்ட சட்டம்தான். மேல்தளத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, ஐந்தரைக்கு மேல் துறைமுகத்தில் ஓடிவருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது பழைய பயணிகளுக்கு ஒரு பொழுதுபோக்கு, கைதட்டி வரவேற்கிறார்கள். அன்று ஒரு ஜோடி ஐந்து முப்பத்தைந்துக்குக் கையில் பீட்சா டப்பாவோடு ஓடிவந்து ஏறியது. பலகையை எடுக்கப் பார்த்த மாலுமி தலையில் அடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் வெசூவியஸ், 1,281 மீட்டர், 1944க்குப் பிறகு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் சரிவில் வீடுகள் பாதி மலை வரை ஏறியிருக்கின்றன. நம் ஊர்க் கண்மாய்க்குள் மனை போடுகிறவர்களைத் திட்ட எனக்கு இனி மனசு வராது.

இரவுச் சாப்பாட்டில் பாம்பெய்க் கோஷ்டி முகம் கறுத்து, கால் வீங்கி வந்து சேர்ந்தது. கோயம்புத்தூர் டாக்டரம்மா, நீங்க என்னக்கா பாத்தீங்க என்று கேட்டார்.

"பாம்பெய்லேர்ந்து தப்பிச்சு வந்த ஒரு பொண்ணைப் பாத்துட்டு வந்தோம்" என்றாள் இவள். வளையல் அடுக்கு, தண்டை, தாமரை இல்லாதது எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னாள். எந்த அறை என்பதை மட்டும் சொல்லவில்லை. டாக்டர் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சூப்பைக் குடித்தேன்.

மறுநாள் சிசிலித் தீவில் மெஸ்ஸினா. கப்பல்காரர்கள் எட்னா எரிமலைக்கும் தவோர்மினா மலையூருக்கும் பஸ் விட்டிருந்தார்கள். எனக்குத் தவோர்மினாவில் கடலைப் பார்த்துக் கட்டிய கிரேக்க நாடக அரங்கைப் பார்க்க ஆசை. அந்தத் தாளை இவள் என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் மாதா கோயில் மணிக்கூண்டு இருக்கிறதாம், 1933இல் வைத்த கடிகாரமாம். பகல் 12 மணிக்கு மேலே நிற்கும் பொன் சிங்கம் கொடியை ஆட்டிக் கர்ஜிக்குமாம், சேவல் சிறகடித்துக் கூவுமாம்.

"இன்னைக்கு உங்க இஷ்டத்துக்கு அந்த அறைக்கெல்லாம் வந்தேன்ல? நாளைக்கு நான் சொல்ற எடம்."

(தொடரும்)